பேர் சொல்லாதது

நாற்பத்தொன்றாம் நாள்.
சாயங்காலம் ஆறே முக்காலுக்குத் தொடங்கியது.
முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்ட,
முகம் செங்கல் நிறமாக,
உள்ளே இழுத்த மூச்சு
திரும்பி வருமா என்று நாங்கள் பார்த்திருக்க
வந்தது, வீறிட்டு.

நெல்லுக்கு ஈரம் பார்க்கிறவன் நான்.
கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர்.
ஒரு பிடி அள்ளிக் கருவியில் போட்டால்
பதினேழா பத்தொன்பதா, சொல்லிவிடும்.
இதற்கு எந்தக் கருவி?
சிட்டா அடங்கல் கேட்டே பழகிய வாய்
தமயந்தியிடம் கேட்டது: "அடங்கிச்சா?"
"அடங்கல."
சிரிக்கிற நிலையில் இருவருமே இல்லை.

கிழித்துத் தைத்த வயிற்றோடு அவள்
கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தாள்.
ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து
தூரத்தில் பிடித்து மணம் காட்டினாள்.
வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி
அகலில் வாட்டி,
தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து
அந்தச் சிறு வயிற்றின் மேல் போட்டாள்.
இலை வாடியது. அழுகை வாடவில்லை.

வாயில் எதுவும் வைக்காதே, தாய்ப்பால் தவிர,
என்று சுகாதார நிலையத்துச் செவிலி சொன்னதை
அடுப்படிச் சுவரில் எழுதியிருக்கிறாள்,
பால் கணக்குக்குப் பக்கத்தில்.
'பூசலாம்' என்று அடியில் இருப்பது மட்டும்
இவளே சேர்த்தது என்று எனக்குச் சந்தேகம்.

"அது தீந்து போச்சு. வாங்கிட்டு வா."
"எது?"
"அதுதான்."

நீடாமங்கலத்தில் அவசரம் கிடையாது,
ரயில்வே கேட் உண்டு.
அரிசி ஏற்றிய சரக்கு வண்டி
முப்பத்தெட்டுப் பெட்டி வரை எண்ணினேன்.
நான் பட்டியல் போட்ட நெல்தான் பாதி இருக்கும்,
என்னையே நிறுத்திவைத்துவிட்டுப் போகிறது.

கமாலுதீன் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
குனிந்து, "பாய், வசம்பு இருக்கா?"
அவர் ஜாதிக்காய் டப்பாவைத் துடைத்தார்.
"வசம்பு, பாய்."
கடுக்காய் டப்பாவைத் துடைத்தார்.
பின்னால் ஹெல்மெட் கழற்றாமல் நின்ற
போலீஸ்காரப் பெண் ஒருத்தி சொன்னாள்:
"விளக்கு வச்ச பொறவு அதைப் பேர் சொல்லிக் கேட்டா
குடுக்க மாட்டாங்க சார்.
பேர் சொல்லாததுன்னு கேளுங்க."
கேட்டேன்.
அவர் காது திறந்தது.
பத்து ரூபாய். ஒரு விரல் நீளம்.
"பூச மட்டுந்தான்," என்றார், பொட்டலம் கட்டாமலே.

வீட்டில் பீரோ மேல் நகராட்சிப் படிவம் ஒன்று.
தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த நேரம்,
எல்லாம் என் கையெழுத்தில்.
குழந்தையின் பெயர் என்ற கட்டத்தில் மட்டும்
அவள் அப்பாவும் என் அண்ணனும்
இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விளக்கில் காட்டிச் சுட்டேன். புகையில்
மண்ணும் மிளகும் பழைய பெட்டியும் மணத்தன.
கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து
தொப்புளைச் சுற்றி, தொப்புளில் படாமல்,
ஒரு வட்டம்.
அழுதாள்.
மேலும் அழுதாள்.
மருந்தா, நேரமா, அழுது ஓய்ந்ததா, அறியேன்,
பதினொன்றே காலுக்கு
மதகு தூக்கினாற்போல ஒரு சத்தம்!
தமயந்தி சிரித்தாள்,
வெட்டிய இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.
கால்கள் மெல்ல நீண்டன.
பேரில்லாதவள் தூங்கினாள்,
வயிற்றில் கறுப்பு நிலாவோடு.

காலையில் வரிசை. தார்ப்பாய் மேல் பனி.
"பேர்?"
"தெட்சிணாமூர்த்தி. எடமேலையூர்."
எழுதின விரலில் மிச்சக் கரி;
பட்டியலில் கட்டைவிரல் ரேகை விழுந்தது.
அவர் மூக்கைச் சுருக்கினார்.
"வீட்ல கைப்பிள்ளையா?"
தலையாட்டினேன்.
"என்ன பேரு?"

நாளொன்றுக்கு நூறு பேரிடம் நான் கேட்பது
மேசையின் இந்தப் பக்கம் வந்ததும்
பேனா நின்றது.

கருவியில் அவர் நெல் பதினேழு புள்ளி நான்கு.
பதினேழு என்று எழுதினேன்.